பக்கத்து கம்பெனிக்காரனுக்கு எவ்வளவு?

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். இங்கே டல்லாஸில் குளிர் விட்டுவிட்டது. பேத்திக்கு ரம்மி சொல்லிக்கொடுத்து மகளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

"அமெரிக்காவில் யூனியனே செத்துப்போச்சு என்கிறார்களே, உன் மாப்பிள்ளை தொழிலிலாவது உண்டா?" என்று கேட்டிருந்தாய். உண்டாவது! மத்தவர்கள் கதை எப்படியோ, விமானிகளிடம் யூனியன் உயிரோடு, நல்ல உடம்போடு இருக்கிறது. நம் வங்கி யூனியன் கிளைக் கூட்டங்களில் கூட சம்பளத்தைப் பற்றி இத்தனை நேரம் யாரும் பேசிக் கேட்டதில்லை.

இந்த ஊர் அதற்குத் தோதான ஊர். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைமையகம் பக்கத்தில் ஃபோர்ட் வொர்த்தில், சவுத்வெஸ்ட்டின் தலைமையகம் டல்லாஸ் லவ் ஃபீல்டில். எதிரெதிர் கம்பெனிக்காரர்கள் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். மாப்பிள்ளை இன்னும் சின்ன ஜெட் ஓட்டும் பிராந்திய கம்பெனியில்தான் இருக்கிறார், பெரிய கம்பெனிக்கு மனு போட்டுக் காத்திருக்கிறார். அவரைப் பார்க்க ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அமெரிக்கனில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி, இன்னொருவர் சவுத்வெஸ்ட்டில் கேப்டன். மகள் வெங்காய பக்கோடா போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அதைத் தொடுவதற்கு முன்பே இரண்டு பேரும் போனை எடுத்து சம்பள அட்டவணையைத் திறந்துவிட்டார்கள். எத்தனையாவது வருடம், எந்த விமானம், மணிக்கு எத்தனை டாலர் என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. அமெரிக்கன்காரர் ஒரு கட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மற்றவர் சிரித்துக்கொண்டே, "எங்களுக்கு மணிக்கணக்கே கிடையாது, டிரிப் கணக்கு. முதலில் அதை மணிக்கு மாற்று, அப்புறம் பேசு" என்றார். அந்த மாற்றும் கணக்கிலேயே அரை மணி நேரம் சண்டை. பக்கோடா ஆறிப்போனது.

உனக்குப் பின்கதை தெரிந்தால்தான் ருசிக்கும். கொரோனா காலத்தில் கம்பெனிகள் மூத்த விமானிகள் பலரைப் பணம் கொடுத்து முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பின. கூட்டம் திரும்பி வந்தபோது ஓட்ட ஆளில்லை. அந்தச் சமயம் பார்த்து எல்லா கம்பெனியிலும் ஒப்பந்தப் பேச்சு. 2022 நவம்பரில் யுனைடெட் என்கிற இன்னொரு பெரிய கம்பெனியின் விமானிகள் தங்கள் சங்கத் தலைவர்கள் கொண்டுவந்த உடன்பாட்டை 94 சதவீத ஓட்டில் தூக்கி எறிந்தார்கள். பதினெட்டு மாதத்தில் பதினாலரை சதவீத உயர்வு என்றிருந்தது, போதாது என்றார்கள். 2023 மார்ச்சில் டெல்டா முந்திக்கொண்டது. கையெழுத்தானதும் 18 சதவீதம், 2026க்குள் மொத்தம் 34 சதவீதம், கம்பெனிக்குச் செலவு 700 கோடி டாலருக்கு மேல். அதில் ஒரு ஷரத்து வைத்தார்கள் பார், நீ படித்தால் எழுந்து நின்று கைதட்டுவாய்: பின்னால் யுனைடெட்டோ அமெரிக்கனோ அதிகத்துக்குக் கையெழுத்துப் போட்டால், டெல்டாவின் விகிதம் அதற்கும் மேல் 1 சதவீதம் ஏறிவிடும்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ராபர்ட் ஐசம் டெல்டாவுக்குச் சமமாகத் தருகிறேன் என்றார். மே மாதம் உடன்பாடு வந்தது. ஓட்டெடுப்பு தொடங்க இருந்த ஜூலையில் யுனைடெட் தன் விமானிகளுக்கு அதைவிடப் பெரிய பொட்டலத்தை நீட்டியது, மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர். அமெரிக்கன் விமானிகள் கொதித்தார்கள். கம்பெனி ஒரே வாரத்துக்குள் இறங்கி வந்து நூறு கோடி டாலருக்கு மேல் கூட்டிக் கொடுத்தது. மொத்தம் 960 கோடி, உடனடி உயர்வு 21 சதவீதம். ஆகஸ்டில் 73 சதவீதம் பேர் சரி என்றார்கள். எல்லாருக்கும் கடைசியில், 2024 ஜனவரியில், சவுத்வெஸ்ட்: உடனடியாக 29 சதவீதம், 2028க்குள் ஏறத்தாழ 50 சதவீதம், 1,200 கோடி டாலர். பக்கோடா மேஜையில் அந்த கேப்டன் ஏன் அப்படிச் சிரித்தார் என்று இப்போது புரியும்.

கடைசியாகக் கையெழுத்துப் போடுகிறவனுக்கே லாபம் என்று நீ சொல்லுவாய். பாதி சரி. சவுத்வெஸ்ட் விமானிகளின் பழைய ஒப்பந்தம் 2020இலேயே திருத்தத்துக்கு வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு மேல் பழைய விகிதத்தில்தான் ஓட்டினார்கள்.

இதில் சட்டத்தின் கைவரிசையும் உண்டு. ரயில்வே தொழிலாளர் சட்டம் என்று 1926இல் ரயில்காரர்களுக்காகப் போட்டது, பத்து வருடம் கழித்து விமானத்துக்கும் நீட்டினார்கள். இதன்படி ஒப்பந்தம் காலாவதியே ஆகாது, திருத்தத்துக்கு உரியதாக மட்டும் ஆகும். அரசின் மத்தியஸ்த வாரியம் பேச்சிலிருந்து விடுவித்தால்தான் ஸ்ட்ரைக் என்கிற அடுத்த கட்டம், அதற்கும் முன்னால் 30 நாள் ஆறப்போட வேண்டும். அப்படியும் 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் விமானிகள் நள்ளிரவில் ஸ்ட்ரைக் ஆரம்பித்தார்கள். ஒரு சில நிமிஷத்தில் அதிபர் கிளின்டன் அவசர வாரியம் அமைத்து நிறுத்திவிட்டார். நாம் மண்டல அலுவலக வாசலில் பந்தல் கட்டவே அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வோம். 2023 மேயில் அமெரிக்கன், சவுத்வெஸ்ட் இரண்டிலும் 99 சதவீதம் பேர் ஸ்ட்ரைக்குக்கு ஓட்டுப் போட்டார்கள். யாரும் ஸ்ட்ரைக் செய்யவில்லை, செய்ய மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

நமக்கு இந்தத் தலைவலியே இல்லை, யோசித்துப் பார். இந்தியன் வங்கி கிளார்க் கனரா வங்கி கிளார்க்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுண்டா? 1966இலிருந்து எல்லாருக்கும் சேர்த்து ஒரே மேஜையில் இருதரப்பு ஒப்பந்தம். 2024 மார்ச்சில் போட்ட பன்னிரண்டாவதிலும் அதுதான், 17 சதவீதம், 2022 நவம்பரிலிருந்து அரியர்ஸ். இங்கே எல்லாருக்கும் பொதுவாக ஒரே சங்கம் கூட இல்லை. டெல்டாவும் யுனைடெட்டும் ஆல்பா என்கிற பெரிய சங்கத்தில். அமெரிக்கன்காரர்கள் 1963இல் அதிலிருந்து பிரிந்து தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். சவுத்வெஸ்ட்டுக்கு இன்னொன்று. தனித்தனியாகப் பேரம் பேசிவிட்டு ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்க்கிறார்கள்.

முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அமெரிக்கன் தலைவரே சொன்ன கணக்குப்படி, 737 மாதிரி விமானத்தில் உச்ச நிலையில் இருக்கும் கேப்டனுக்கு ஒப்பந்த முடிவில் ஓய்வூதியப் பங்களிப்பு உட்பட வருடம் 4,75,000 டாலர் வரும். இவ்வளவு வாங்கிக்கொண்டு இரண்டு டாலர் வித்தியாசத்துக்கு ஏனப்பா அடித்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். சவுத்வெஸ்ட் கேப்டன் கோபப்படவில்லை. "நான் நாளைக்கு டெல்டாவுக்குப் போனால் என்ன ஆவேன் தெரியுமா?" என்றார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது, சுந்தரம். இவர்கள் வாழ்க்கையே சீனியாரிட்டி எண். எந்த விமானம், எந்த ஊர், கேப்டனா இல்லையா, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கலாமா, எல்லாம் அந்த எண்தான் முடிவு செய்யும். கம்பெனி மாறினால் அந்த எண் கூடவே வராது. இருபது வருட கேப்டன் பட்டியலின் கடைசிப் பெயராகி, முதல் வருடச் சம்பளத்தில் துணை விமானியாக வலது பக்க சீட்டில் உட்கார வேண்டும். நம் மகள்கள் மாதிரி அதிகச் சம்பளம் கிடைக்கிற கம்பெனிக்கு ராஜினாமா கொடுத்துவிட்டுத் தாவ முடியாது. இவர்களால் சந்தைக்குப் போக முடியாததால், சந்தை விலையை ஒப்பந்தத்துக்குள் இழுத்துவர வேண்டியிருக்கிறது. பக்கத்துக்காரன் தாளை எட்டிப் பார்ப்பது பேராசை என்று எனக்கு இப்போது படவில்லை. வேறு பிடிமானம் கிடையாது.

ஆனால் எட்டிப் பார்க்கிற இடம் தப்பு என்பது என் கட்சி. மணி விகிதம் என்பது விமானம் நகர்ந்து, மறுபடி நிற்கும்வரைக்குமான மணி. முனையத்தில் காத்திருப்பது, பயணிகள் ஏறுவது எல்லாம் அதில் சேராது. பேட்டா தனி. மாதத்துக்கு இத்தனை மணி உறுதி, ரிசர்வில், அதாவது கூப்பிட்டால் வரத் தயாராக, இருந்தால் எத்தனை மணிக்குள் வர வேண்டும், நாலு நாள் வெளியே போனால் குறைந்தபட்சம் எவ்வளவு, இதெல்லாம் ஒப்பந்தத்தின் நடுப் பக்கங்களில் கிடக்கிறது. போன் அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை. லாபப் பங்கும் அப்படித்தான். 2025 பிப்ரவரியில் டெல்டா தன் ஊழியர்கள் எல்லாருக்குமாக 140 கோடி டாலர் பிரித்துக் கொடுத்தது, ஐந்து வாரச் சம்பளம் மாதிரி. மணி விகிதத்தில் சமம் என்று மார் தட்டிய அமெரிக்கன்காரர் அந்தப் பேச்சு வந்ததும் எழுந்து காபி கேட்டார்.

அதைவிடப் பெரியது கம்பெனி நிலைக்குமா என்பது. ஸ்பிரிட் என்கிற மலிவுக் கட்டண கம்பெனியின் விமானிகள் 2023 ஜனவரியில் இரண்டு வருடத்துக்குச் சராசரி 34 சதவீதம் உயர்வு வாங்கினார்கள். 2024 நவம்பரில் கம்பெனி திவால் மனு போட்டது, 2025 ஆகஸ்டில் மறுபடியும் போட்டது. நூற்றுக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த உயர்வை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது? இது புதிதும் இல்லை. யுனைடெட் 2002இல் திவால் மனு போட்டு, 2005இல் ஊழியர் பென்ஷனை அரசு காப்பீட்டு அமைப்பின் தலையில் கட்டியது. டெல்டா விமானிகளின் பழைய பென்ஷனும் அடுத்த வருடம் போயிற்று. டெல்டாவின் 34 சதவீதம் என்று பெரிதாகப் பேசுகிற தலைமுறையில் மூத்தவர்கள் பலர் அப்போது இழந்ததைத்தான் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கூலி எந்த அளவுக்குக் கீழே போகும் என்பதும் தெரிந்ததே. 2009 பிப்ரவரியில் பஃபலோ பக்கம் விழுந்து 50 பேரைக் கொன்ற பிராந்திய விமானத்தின் துணை விமானிக்கு வருடம் 16,000 டாலரைச் சுற்றித்தான் சம்பளம் என்று விசாரணையில் சொன்னார்கள். பெற்றோர் வீட்டிலிருந்து நாட்டின் மறு ஓரத்துக்கு ராத்திரி முழுக்கப் பறந்து வந்து வேலைக்கு ஏறிய பெண். அதற்கப்புறம்தான் 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது, ஆள் பற்றாக்குறையும் சம்பள உயர்வும் அதன் பின்னாலேயே வந்தன.

டெல்டா ஒப்பந்தம் 2026 டிசம்பர் 31இல் திருத்தத்துக்கு வருகிறது. அப்போது மறுபடி இதே சுற்று ஆரம்பிக்கும்.

மாப்பிள்ளைக்கு எந்தக் கம்பெனி கூப்பிட்டால் போவது என்பதுதான் இப்போது வீட்டுப் பேச்சு. அவர் அட்டவணையைப் பார்க்கிறார். நான் அதை மூடச் சொல்லிவிட்டு, எந்தக் கம்பெனியில் 60 வயது தாண்டிய கேப்டன்கள் அதிகம் என்று பார்க்கச் சொன்னேன். 65இல் எல்லாரும் இறங்கியே ஆக வேண்டும், இவர் எண் அந்த வேகத்தில்தான் மேலே ஏறும். மகளோ, டல்லாஸிலேயே இருக்க முடிகிற கம்பெனி எதுவோ அதுதான், மற்றதெல்லாம் பேச வேண்டாம் என்கிறாள். பதவி உயர்வில் மதுரையை விட்டுப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவன் நீ. அவளுக்கு ஆதரவாகத்தான் எழுதுவாய் என்று தெரியும், இருந்தாலும் எழுது.

நம் பென்ஷன் அப்டேஷன் பற்றி மதுரைக் கூட்டத்தில் என்ன பேசினார்கள்? அதை அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

அன்புடன்,
வேதாசலம்