பெயரைக் குத்துமுன் எழுத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சித்திரைத் திருவிழா நெருங்கினாலே மதுரையில் பச்சை குத்திக்கொள்ள வருகிற கூட்டம் கூடிவிடுகிறது. அம்மா பெயர், பிள்ளை பெயர், இறந்துபோன அண்ணன் முகம், வாடிவாசலில் நின்று விளையாடிய காளை என்று ஆளுக்கொரு காரணம். அந்தக் காரணம் கடைசிவரை கையில் நிற்க வேண்டுமென்றால் எழுத்து சரியாக இருக்க வேண்டும். பெற்ற தாயின் பெயர் பிழையோடு ஒருவர் கையில் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பிழை ஊசியில் வருவதைவிடக் கம்ப்யூட்டரில்தான் அதிகம் வருகிறது. தமிழுக்கு ஏற்றபடி அமைக்காத டிசைன் மென்பொருளில், வாட்ஸ்அப்பில் வந்த பெயரை அப்படியே ஒட்டினால் கொம்பு இடம் மாறிவிடும். ‘மகேஸ்வரி’யில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய் நிற்கும்; புள்ளியும் தள்ளி உட்காரும். தமிழ் படிக்கத் தெரியாத கலைஞர் அதை அப்படியே ஸ்டென்சில் (குத்துமுன் தோலில் ஒட்டிப் பதிக்கும் மாதிரி) எடுத்துவிடுவார். ஸ்டென்சில் தோலில் ஒட்டியதும் ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி, எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். அதுவரை ஊசி தொடக் கூடாது.

அடுத்தது அளவு. தோலுக்குள் போன மை வருடம் போகப் போகக் கொஞ்சம் பரவும். மணிக்கட்டில் பொடியாக எழுதிய ‘கண்ணன்’ நாளடைவில் சுழியெல்லாம் அடைத்து, ணகரமா னகரமா என்று தெரியாமல் போகும். எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே இடம் விடச் சொல்லுங்கள். முகம் என்றால் உள்ளங்கை அளவுக்குக் குறையக் கூடாது, கண்ணும் புருவமும் ஒன்றாகிவிடும். மை நிற்க வேண்டியது ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். அதற்கு மேலே நின்றால் உதிர்ந்துவிடும், கீழே இறங்கினால் கோட்டைச் சுற்றி நீலம் கசியும்.

திருவிழாவுக்காகக் குத்துபவர்கள் மூன்று வாரம் முன்னதாகவே குத்திக்கொள்வது நல்லது. பச்சைப் புண்ணோடு வைகைக் கூட்டத்தில் நின்றால் வெயில், வியர்வை, உரசல் போதாதென்று பக்தர்கள் தோல்பையிலிருந்து பீய்ச்சும் துருத்தித் தண்ணீரும் படும். சீழ் வைத்தால் பொருக்கோடு மையும் போய்விடும். சாலையோரக் கடைகளில் ஒரே ஊசியை, ஒரே மைக்கிண்ணத்தைப் பலருக்கும் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் தொற்றலாம். புது ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். மாநகராட்சி சுகாதாரப் பிரிவும் திருவிழா நாட்களில் இந்தக் கடைகளைச் சோதிக்க வேண்டும்.

ராணுவத்துக்குப் போக நினைக்கும் தம்பிகள் முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறெங்கும் குத்த வேண்டாம். மத்திய ஆயுதக் காவல் படைகள் என்றால் முன்கையில் இடது கை மட்டும்தான். வலது கை சல்யூட் அடிக்கிற கை.

அம்மா உயிரோடு இருந்தால் அவர் பெயரை அவர் கையாலேயே வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதி வாங்கி வாருங்கள். ஸ்டென்சிலை அதிலிருந்தே எடுக்கலாம், கொம்பும் இடம் மாறாது.

— பச்சை குத்தும் கலைஞர்,
தெப்பக்குளம், மதுரை