மாவு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செல்போனில் விளம்பரம் செய்யாத சிறு தொழில் இனிப் பிழைக்காது என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான்கு பெண்களோடு சேர்ந்து இட்லிப் பொடி அரைத்து விற்கிறேன். ஆறு வருஷமாகிறது. கட்டுரையைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்கள் கை வைக்க வேண்டிய முதல் இடம் அது இல்லை.

நானும் அதை நம்பி ஒரு நிறுவனத்துக்கு 18,000 ரூபாய் கொடுத்தவள்தான். பெயர் வேண்டாம். நாங்கள் மிளகாய் வறுப்பதை அழகாகப் படம் பிடித்து ரீல்ஸ் போட்டார்கள். கனடாவிலிருந்தெல்லாம் லைக் வந்தது. ஆர்டர் வந்தது பதினொன்று. 200 கிராம் பொடி 90 ரூபாய்; ஐதராபாத்துக்கு அனுப்பக் கூரியர்காரர் அதைவிட அதிகம் கேட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கியவர் ஒரே ஒருவர், அதுவும் என் நாத்தனார் மகள்.

இத்தனைக்கும் நாங்கள் சின்னிகிருஷ்ணனின் ஊர்க்காரர்கள் என்று பெருமை பேசுகிறவர்கள். டால்கம் பவுடர் டப்பாவில் மட்டுமே வந்த காலத்தில் அதை 20 கிராம் பொட்டலமாகவும், எப்சம் உப்பை 5 கிராம் பொட்டலமாகவும் போட்டவர் அவர். கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கியதுதான் சிக் ஷாம்பூ, இன்று கவின்கேர். ஊர் ஊராகப் போய்ப் பையன்களின் தலைக்கு ஷாம்பூ போட்டு, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி விற்றார்கள். எந்தக் கம்பெனி ஷாம்பூவாக இருந்தாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். இந்தக் கதை தெரிந்தும் நான் 200 கிராமையே பிடித்துக்கொண்டிருந்தேன். பேர் தெரியாதவள் அரைத்த பொடியை ருசி பார்க்க யார் 90 ரூபாய் கொடுப்பார்?

புத்தி வந்தது எங்கள் தெரு அண்ணாச்சி கடையில். பாக்கி வாங்கப் போய் நின்றிருந்தேன். சிப்காட்டில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் ஃப்ரிட்ஜைத் திறந்து மாவு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, "தொட்டுக்க என்ன அண்ணாச்சி இருக்கு?" என்றான். அண்ணாச்சி ஊறுகாய்ச் சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். என் பொடி மேல் தட்டில், டீத்தூளுக்குப் பின்னால், தூசியோடு உட்கார்ந்திருந்தது.

அன்று ராத்திரியே 20 கிராம் நிறுத்துப் பார்த்தேன். நான்கைந்து இட்லிக்குத் தாராளமாக வரும். ஒரு பாக்கெட் 10 ரூபாய், பன்னிரண்டு பாக்கெட் கொண்டது ஒரு சரம். கடைக்கு 8 ரூபாய், கடைக்காரருக்குக் கழிவு 2 ரூபாய். சாமான் நாலரை, கவர் எண்பது காசு. அரவை, கேஸ், கூலி எல்லாம் போக எங்கள் கையில் ஒரு ரூபாய் சொச்சம் நிற்கும். அண்ணாச்சி, "தொங்கவிட இடமில்லம்மா" என்றார். மறுநாள் ஆணியும் சுத்தியலும் கொண்டுபோய், மாவு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் நானே அடித்தேன். இப்போது முப்பது கடைகளில் அந்த ஆணி இருக்கிறது. முன்பு மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ போனது. இப்போது வாரத்துக்கு இருபது கிலோவுக்குக் குறைவதில்லை. ருசி பிடித்தவர்கள் அப்புறம் 200 கிராமும் கேட்கிறார்கள்.

காலிக் கவர் திட்டத்தையும் காப்பியடித்துப் பார்த்தேன். இரண்டு வாரத்தில் தெருப் பிள்ளைகள் கவர் மூட்டையோடு வந்தார்கள். "இந்தக் குப்பையை யாரும்மா எண்ணுவது?" என்று கடைக்காரர்கள் சண்டைக்கு வர, நிறுத்திவிட்டேன். காலிக் கவர்களைத் திரும்ப வாங்கக் கடை கடையாகப் போகும் லைன் வண்டியும் ஆளும் வேண்டும், எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டி. அந்த இரண்டு வாரமும் எங்கள் தெருச் சாக்கடை அடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தச் சின்னக் கவர்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்ற உறுத்தல் எனக்கு உண்டு; அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

சிறு தொழில் பயிற்சி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நான் போன இரண்டு நாள் முகாமில் ஒன்றரை நாள் போட்டோ எடுப்பதும் ஹேஷ்டேக் போடுவதும்தான். அதில் அரை நாளைக் குறைத்து, சாயங்காலம் ஆறு மணிக்கு எங்களை ஒரு மளிகைக் கடையில் நிற்க வையுங்கள். யார் எத்தனை ரூபாயோடு வருகிறார்கள், எதைக் கேட்டுவிட்டு வாங்காமல் போகிறார்கள் என்று பார்க்கிறோம். கடைக் கழிவு, ரிட்டர்ன் சரக்கு, கடன் பில் இவற்றையெல்லாம் சேர்த்து விலை போடச் சொல்லிக்கொடுங்கள். ரீல்ஸை எங்கள் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.

அண்ணாச்சி இப்போது முருங்கைக்கீரைப் பொடியை 5 ரூபாய்ச் சரமாகக் கேட்கிறார். கவரும் சீலிங்குமே ஒரு ரூபாயைத் தொடுகிறது. கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இட்லிப் பொடி தயாரிப்பவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.