ஓவியத்தின் பின்பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தனியார் ஓவியச் சேகரிப்புகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். எந்தப் படம் எத்தனை கோடிக்கு ஏலம் போனது என்று விரிவாக இருந்தது. அந்தப் படங்கள் யார் கொடுத்து, எப்படி அந்த வீடுகளுக்கு வந்தன என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

நியூயார்க்கில் ஹெர்பர்ட் வோகல் என்று ஒருவர் இருந்தார். தபால் இலாகாவில் இராத்திரி முழுக்கக் கடிதங்களை முகவரி வாரியாகப் பிரித்து அடுக்கியவர். ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே அஞ்சல் பிரிவில் அதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் அவர்மேல் தனிப் பிரியம். மனைவி டோரதி நூலகர். டோரதி சம்பளத்தில் குடும்பம் நடக்கும், ஹெர்பர்ட் சம்பளம் ஓவியத்துக்கு. வாங்கும் படம் கையில் இருக்கும் காசுக்குள் வர வேண்டும், சுரங்க ரயிலிலோ டாக்சியிலோ கொண்டுவர முடிய வேண்டும், ஒரே படுக்கையறை உள்ள அவர்கள் ஃபிளாட்டில் இடம் வேண்டும். அப்படியே 4,000க்கும் மேற்பட்ட படைப்புகள் சேர்ந்துவிட்டன.

ஓவியர்களின் இடத்துக்கே போய், உட்கார்ந்து பேசி, தவணையில் வாங்குவார்கள். கலைஞர்களான கிறிஸ்டோ தம்பதி, கலைப்படைப்பாகவே ஒரு பெரிய திரையைக் கொலராடோ மாநிலப் பள்ளத்தாக்கு ஒன்றில் கட்டப் போனபோது, அவர்களுடைய பூனையை வோகல் தம்பதி பார்த்துக்கொண்டார்கள். பதிலுக்கு அந்தத் திரைக்கான கொலாஜ் (ஒட்டுப்படம்) ஒன்று கிடைத்தது. ஏலக்காரர் அதற்கு ஒரு விலை போடுவார், சரி. அந்தப் பூனைக்குப் பால் ஊற்றியது கணக்கில் வருமா?

லாபத்துக்காக ஒன்றையும் அவர்கள் விற்கவில்லை. சேகரிப்பை ஒப்படைக்க 1992இல் வாஷிங்டனில் உள்ள தேசிய ஓவியக் கூடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, வந்த படத்தை விற்பதும் கிடையாது. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து சுற்றிப் பார்த்த இடமும் அதுதான்.

என் வீட்டிலும் ஒரு பென்சில் படம் இருக்கிறது, எங்கள் தெருக் கோயில் குளம். பென்ஷன் மனு எழுதிக் கொடுத்ததற்காக ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் வரைந்து தந்தது. பின்னால், "தம்பிக்கு, மனு பாஸாகிவிட்டது" என்று எழுதித் தேதி போட்டிருந்தார். படச்சட்டம் மாற்றக் கொடுத்த கடையில் அதன்மேல் பழுப்புக் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். ஈரத்துணி வைத்து மெதுவாக உரித்ததில் தேதியும் "தம்பிக்கு" என்பதும் மட்டும் மிஞ்சின. அவர் இப்போது இல்லை, மறுபடி எழுதி வாங்கவும் முடியாது.

அடுத்த முறை சேகரிப்பாளர்களைப் பேட்டி எடுக்கும்போது, விலையைக் கேட்ட கையோடு படத்தைத் திருப்பியும் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
திருச்சி.