பணம் இருந்தது, தாள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நகராட்சிகளுக்கு ஃபெடரல் அரசு தரும் சமூக மேம்பாட்டு மானியம் (சி.டி.பி.ஜி.) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மானியத்தைச் செலவழித்த விதம் பற்றி ஃபெடரல் அரசு எழுப்பிய ஆட்சேபங்களை எல்லாம் ஒரு நகரம் தீர்த்து வெளியே வந்ததை நல்ல செய்தியாகவே கட்டுரையாளர் எழுதியிருந்தார். ஒஹாயோ மாநிலத்து நகராட்சி ஒன்றின் வீட்டுவசதிப் பிரிவில் 19 வருடம் இந்தக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊரும் ஒருமுறை இதே மாதிரி மாட்டியது, அப்புறம் தீர்ந்தது. மாட்டியதைவிடத் தீர்ந்த விதம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மானியத்தில் ஆட்சேபம் என்றதும் யாரோ சுருட்டிவிட்டார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். சுருட்டுகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் பணம் சேரவேண்டிய ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். போய்ச் சேர்ந்தது என்று காட்ட ஒரு தாள் இருக்காது.

ஒரு பாட்டியின் வீடு நினைவுக்கு வருகிறது. 1920-களில் கட்டிய மர வீடு. கூரை ஒழுகி, மாடிப்படிக்குக் கீழே சூப் காய்ச்சும் பெரிய பானையை வைத்திருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இடையிடையே 'டொக்' என்று சொட்டு விழும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு பழகிப்போயிருந்தது. அரசு தரும் முதியோர் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி ஒன்றுதான் வருமானம். கூரையை மாற்றிக் கொடுத்தோம். மூன்று வருடம் கழித்து ஹட் துறையிலிருந்து (மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறையை எல்லோரும் ஹட் என்றுதான் சொல்வோம்) ஆய்வுக்கு வந்தவர்கள் கோப்பைப் புரட்டினார்கள். விண்ணப்பம் இருந்தது, கான்ட்ராக்டர் பில் இருந்தது, கூரையின் பழைய படமும் புதிய படமும் இருந்தன. சோஷியல் செக்யூரிட்டி கடிதத்தின் நகல் மட்டும் இல்லை. அந்த வட்டாரக் குடும்பங்களின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்குத்தான் இந்தப் பணத்தில் வீட்டைச் செப்பனிடலாம். சான்று இல்லையென்றால் அவர் ஏழை இல்லை, அவ்வளவுதான். புது நகல் வாங்கலாம் என்றால் பாட்டி அதற்குள் காலமாகிவிட்டார்.

ஹட்டின் கடிதத்தில் இரண்டு வார்த்தைகள் வரும். 'கன்சர்ன்' என்றால் குறை, சரிசெய்துகொள் என்று பொருள். 'ஃபைண்டிங்' என்றால் விதிமீறல், பதில் சொல்லியே ஆகவேண்டும். எங்களுக்கு வந்தது ஃபைண்டிங். இதே மாதிரி இன்னும் சில கோப்புகளும், ஊழியர் சம்பளத்தை மானியத்தில் எழுதிவிட்டு யார் எத்தனை மணி நேரம் எதில் வேலை பார்த்தார் என்ற பதிவு இல்லாததும் சேர்ந்துகொண்டன. அந்தத் தொகையை நகராட்சி தன் பொது நிதியிலிருந்து கட்டியது. கட்டிய பணம் வாஷிங்டனில் எங்கள் பேரில் இருக்கும் மானியக் கணக்குக்கே திரும்பியது. விதிப்படி மறுபடியும் செலவு செய்துகொள்ளலாம். நடைமுறைக் கையேடு எழுதினோம், பயிற்சிக்குப் போனோம். ஆட்சேபம் நீங்கியது என்று கடிதம் வந்த அன்று ஆபீசில் கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் உங்கள் கட்டுரை தொடவில்லை. அடுத்த வருடத் திட்டம் வரைந்தபோது வீட்டைச் செப்பனிடும் தொகை பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த வருடம் இன்னும் குறைந்தது. குறைந்ததெல்லாம் நடைபாதைக்குப் போனது. காரணம் எளிது. வீடு என்றால் வீட்டுக்கு ஒரு கோப்பு. வருமானச் சான்று, வீட்டுப் பத்திரம், 1978-க்கு முன் கட்டியதென்றால் ஈயப் பெயிண்ட் சோதனை என்று ஒவ்வொன்றிலும் ஒரு தாள் தவறலாம். நடைபாதைக்கு, அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களில் குறைந்தது 51 சதவீதம் பேர் அதே வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் என்று சென்சஸ் கணக்கு காட்டினால் போதும். அதற்கும் தாள் உண்டுதான். அரசுப் பணத்தில் நடக்கும் கட்டுமானத்துக்கு வட்டார வழக்கக் கூலி தரச்சொல்லும் டேவிஸ்-பேக்கன் சட்டப்படி வாராவாரம் கூலிப்பட்டியல் வாங்கவேண்டும், தொழிலாளியைச் சாப்பாட்டு இடைவேளையில் பிடித்து மணிக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டு எழுதவேண்டும். என் அரைகுறை ஸ்பானிஷில் அதையும் செய்திருக்கிறேன். ஆனால் அது ஒரே கான்ட்ராக்டர், ஒரே கோப்பு.

இதோடு மே 2 என்று ஒரு தேதி இருக்கிறது. எங்களைப் போல ஜூலை 1-இல் திட்ட ஆண்டு தொடங்கும் நகரங்களுக்கு, ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது, செலவாகாத மானியம் ஒரு வருட ஒதுக்கீட்டைப்போல ஒன்றரை மடங்குக்குமேல் இருக்கக்கூடாது. இருந்தால் ஒரு வருட அவகாசம். அப்போதும் குறையாவிட்டால் மிகுதியை அடுத்த மானியத்தில் வெட்டலாம். திருப்பிக் கட்டிய பணமும் அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்தால் நெருக்கடி இன்னும் கூடும். வேகமாகச் செலவழிய சிமென்ட்டைவிட நல்ல வழி இல்லை.

எனக்குப் பொறுக்காத இடம் இதுதான். இந்த மானியம் 1974-இல் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் வந்தது. எந்த ஊருக்கு எவ்வளவு என்பதற்கு இரண்டு சூத்திரங்கள் உண்டு, எது அதிகம் தருகிறதோ அது அந்த ஊருக்கு. எங்களைப் போன்ற பழைய தொழில் நகரங்களுக்குப் பொருந்தும் சூத்திரத்தில் பாதி எடை 1940-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு. அதாவது எங்கள் வீடுகள் பழசு என்பதால்தான் பணமே வருகிறது. அந்தப் பணத்தில் வீட்டைத் தொட இப்போது பயம்.

தாள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் மாட்டிய ஊர் ஒன்றும் உண்டு. நியூயார்க்கை அடுத்த வெஸ்ட்செஸ்டர் கவுன்ட்டி, இன ஒதுக்கல் இல்லாத வீட்டுவசதிக்குப் பாடுபடுகிறோம் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு 2000 முதல் 2006 வரை 5 கோடி டாலருக்குமேல் ஹட் பணம் வாங்கியது. அப்படி ஒன்றும் செய்யவில்லை என்று ஒரு தன்னார்வ அமைப்பு வழக்குப் போட்டது. 2009-இல் 6.25 கோடி டாலர் சமரசம். வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் கட்டுப்படியாகும் விலையில் 750 வீடுகள் என்று முடிவானது. கவுன்ட்டியில் அடுத்து வந்த நிர்வாகம் முரண்டுபிடித்து, வீட்டுவசதித் தடைகள் பற்றிய கவுன்ட்டியின் ஆய்வறிக்கையை ஹட் ஏற்க 2017 ஆகிவிட்டது. இடையில் மானியமும் கைநழுவியது. ஆனாலும் அங்கே தீர்வு என்று கேட்டது வீடுகளை. எங்களிடம் கேட்டது கையேட்டை.

ஹட் கண்டிப்பாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. டிரம்ப்பின் முதல் பதவிக் காலத்து பட்ஜெட்டுகள் இந்த மானியத்தையே நிறுத்தச் சொன்னன, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விடவில்லை. அலட்சியமாக ஒரு கோப்பு வைத்தால் அது மானியத்தை நிறுத்தக் காரணம் தேடுகிறவர்கள் கைக்குப் போகும் என்று ஊழியர்களுக்குத் தெரியும். என் சம்பளமே இதில் நிர்வாகத்துக்கு அனுமதித்த 20 சதவீதத்திலிருந்து வந்ததுதான், அதனால் நானும் பயந்தவள்தான். பொதுமக்கள் கருத்துக் கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். கூட்டத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர், அதில் நான் ஒருத்தி, குறிப்பெடுப்பவர் ஒருவர்.

இந்த மானியத்தை ஹட்டிடம் நேரடியாக வாங்கும் எல்லா நகரங்களும் திட்ட ஆண்டு முடிந்த 90 நாளில் செலவறிக்கையை ஹட்டுக்குக் கொடுக்கவேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கும் வரும். உங்கள் கட்டுரையாளர் பாராட்டிய நகரத்தின் அறிக்கையை, ஆட்சேபத்துக்கு முந்தைய வருடத்ததையும் தீர்ந்த வருடத்ததையும், எடுத்துப் பார்க்கட்டும். செப்பனிட்ட வீடுகள் எத்தனை என்ற வரியில் இரண்டு எண்கள் இருக்கும். அவற்றை அடுத்த இதழில் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நகராட்சி ஊழியர்,
ஒஹாயோ