கேசட்டின் மிச்ச இடம்

கோயம்புத்தூர்

அன்புள்ள முத்துக்குமாருக்கு,

இங்கு அனைவரும் நலம். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து, கைத்தடியின் துணையின்றித் தெருமுனைவரை நடந்து திரும்புகிறாய் என்று படித்தபோது பெரும் நிம்மதி அடைந்தேன். காலை நடையின்போது கேட்பதற்குப் புதிதாக ஏதாவது சொல்லும்படி கேட்டிருந்தாய். பழைய பாட்டுகள் எல்லாம் பல்லவி தொடங்கும் முன்பே மனத்துக்குள் முடிந்துவிடுகின்றன என்றும் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்குத்தான் இக்கடிதம் முழுவதும் பதில்.

திருச்சியில் நாம் விடுதியில் தங்கிப் படித்த நாட்களில் சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு பாட்டுப் பதிவுக் கடை இருந்தது உனக்கு நினைவிருக்கும். 60 நிமிட வெற்றுக் கேசட் ஒன்றை வாங்கி, நோட்டுத்தாளில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். இரண்டு நாள் கழித்துப் போனால் பதிவு செய்து, அட்டையில் முத்து முத்தான கையெழுத்தில் பெயர்களை எழுதி வைத்திருப்பார் கடைக்கார அண்ணன். ஒரு பக்கத்தின் கடைசியில் மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ மிஞ்சிவிட்டால் அதை அவர் வெறுமனே விடமாட்டார். நாம் கேட்காத, அவருக்குப் பிடித்த ஏதோ ஒன்றைப் பதிந்து கொடுப்பார். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் என்ற மின்னணு இசைக்குழுவை நாம் முதன்முதலில் கேட்டது அப்படித்தான். அந்த இசைக்கு நீ வைத்த பெயர் ‘மாவு மில் பாட்டு’. ஆனால் மறு வாரமே அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்பச் சுழற்றிக் கேட்டவனும் நீதான். நாம் எழுதிக் கொடுத்த பாட்டுகளில் பாதி எனக்கு இன்று நினைவில் இல்லை. அண்ணன் மிச்ச இடத்தில் போட்ட பாட்டுகளில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை.

கைபேசிக்கு மாறிய பிறகு பல ஆண்டுகள் செயலி தானாகத் தேர்ந்து தரும் பாட்டுகளையே கேட்டு வந்தேன். அதில் பெரிய குறை இருப்பதாக முதலில் தோன்றவில்லை. நேற்றுக் கேட்டதற்கு நெருக்கமான ஒன்றை அது இன்று தருகிறது. இன்று கேட்பதற்கு நெருக்கமான ஒன்றை நாளை தரும். எதுவும் உறுத்துவதில்லை என்பதே அதன் இயல்பு. எனினும் ஒரு நாள் யோசித்துப் பார்த்தபோது, அத்தனை மணி நேரம் கேட்டும் ஒரு பாடகரின் பெயரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை என்பது தெரிந்தது. அண்ணன் தந்தது நமக்குப் பிடித்ததற்கு நெருக்கமானது அல்ல, அவருக்குப் பிடித்தது. இந்த வேறுபாட்டை உணர எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கடந்த ஆண்டு மழைக்காலத்தில் என் மகள் ‘இன்னர் சாங்’ என்ற இசைத்தொகுப்பை அனுப்பியிருந்தாள். வேல்ஸைச் சேர்ந்த கெல்லி லீ ஓவன்ஸ் 2020ஆம் ஆண்டு வெளியிட்டது. மான்செஸ்டரில் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் செவிலியர் உதவியாளராகப் பணியாற்றியவர். இசையை நாடிப் போகும்படி அவரை ஊக்கியவர்களில் அங்கிருந்த நோயாளிகளும் உண்டு. தொகுப்பின் முதல் உருப்படியில் குரலே இல்லை. ரேடியோஹெட் குழுவின் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, சொற்களையும் தாளத்தையும் களைந்துவிட்டு, மின்னணு இசைக்கருவியான சின்தசைசரில் ஸ்வரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிட்டிருக்கிறார். பாலிடெக்னிக்கில் முப்பது ஆண்டுகள் மின்னணுவியல் நடத்தியவன் என்பதால் அங்கே நடப்பதை என்னால் விளக்க முடியும். அலையியற்றி ஒரு தடித்த ஒலியை உண்டாக்குகிறது. ‘ஃபில்டர்’ அதன் உயர் அதிர்வெண்களைத் தடுத்து நிறுத்துகிறது. பிறகு அந்தத் தடையை ஒரு கை மிக மெதுவாகத் தளர்த்திக்கொண்டே போகிறது. மூடிய கதவுக்குப் பின்னால் வாசிப்பதுபோல் தொடங்கும் ஒலி, கதவு திறக்கத் திறக்கத் தெளிந்து அறைக்குள் வந்துவிடுகிறது. கரும்பலகையில் நான் எத்தனையோ முறை வரைந்த அதே மின்சுற்றுதான். அது ஒரு மனிதரை உருக்கவும் கூடும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே தொகுப்பில் ஜான் கேல் பாடும் ஓர் உருப்படியும் இருக்கிறது. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் நிறுவனர்களில் ஒருவரான அவர் 1942இல் வேல்ஸில் பிறந்தவர்; வெல்ஷ் அவருடைய தாய்மொழி. தன்னைவிட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்தவரான அவரிடம் ஓவன்ஸ் இசையைக் கொடுத்து, வெல்ஷ் மொழியும் கலந்து பாடும்படி வேண்டியிருக்கிறார். மழையைப் பற்றி அந்த முதிய குரல் சொல்லச் சொல்ல, எனக்கு ஒரு சொல்லும் புரியாத அந்த மொழி, புரிந்த ஆங்கிலத்தைவிட நெருக்கமாக இருந்தது. ‘மெல்ட்!’ என்ற மற்றோர் உருப்படியில் தாளத்தோடு சேர்ந்து கேட்பது பனிப்பாறை உருகும் ஒலியும் பனியின்மேல் மனிதர்கள் சறுக்கிச் செல்லும் ஒலியும். காதில் மாட்டும் கருவியில் கேள்; ஒலிபெருக்கியில் அந்த நுட்பம் கரைந்துவிடும்.

இங்கிருந்துதான் நான் சொல்ல வந்த பாதை தொடங்குகிறது. தொகுப்பை விலைக்கு வாங்கப் போன இடத்தில் வெளியிட்டது யார் என்று பார்த்தேன்: நார்வேயின் ஸ்மால்டவுன் சூப்பர்சவுண்ட். யோவாகிம் ஹௌக்லண்ட் என்பவர் 1993இல், தாம் வளர்ந்த சிற்றூரில் கேசட்டுகளை வெளியிடத் தொடங்கிய நிறுவனம் அது. ‘கேசட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிங்காரத்தோப்பு நினைவு வந்துவிட்டது. ஒரு மனிதரின் காதை நம்பிப் பின்தொடரலாம் என்று முடிவு செய்து, பாடகர்களை விட்டுவிட்டு அந்த வெளியீட்டகத்தின் பட்டியலைப் பிடித்துக்கொண்டேன். லிண்ட்ஸ்ட்ரோம் என்ற நார்வேக்காரர் 2008இல் வெளியிட்ட தொகுப்பு ஒன்றில் மொத்தமே மூன்று உருப்படிகள்தாம்; முதலாவது மட்டும் ஏறத்தாழ 29 நிமிடம். ஆலாபனைக்குப் பொறுமையாகக் காதுகொடுத்துப் பழகிய உனக்கு அது நீளமாகத் தோன்றாது. என் மனைவிக்குத் தோன்றியது. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டாள்.

அதே பட்டியலில் நெனே செரி என்ற பாடகியின் ‘பிளாங்க் ப்ராஜெக்ட்’ கிடைத்தது. 18 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் தனியாக வெளியிட்ட தொகுப்பு; வந்தது 2014இல். ஐந்தே நாட்களில் பதிவு செய்யப்பட்டது. தாயை இழந்த துயரம் அதன் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ட்ரம்ஸ், சின்தசைசர், குரல் ஆகியவற்றைத் தவிர ஏறக்குறைய வேறொன்றும் இல்லாத அந்த வெறுமையை யார் அமைத்தது என்று பார்த்தால், ‘ஃபோர் டெட்’ என்ற பெயரில் இசையமைக்கும், லண்டனில் பிறந்த கீரன் ஹெப்டன். அவருடைய தாய் தென்னாப்பிரிக்காவில் பிறந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர்.

அடுத்து நான் போய்ச் சேர்ந்தது ஹெப்டன் 2015இல் தம்முடைய சொந்த வெளியீட்டகமான ‘டெக்ஸ்ட்’ வழியாகக் கொண்டுவந்த ‘மார்னிங்/ஈவ்னிங்’. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே உருப்படிகள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 நிமிடம். காலைப் பக்கத்தைக் கேட்கத் தொடங்கிய சில நிமிடங்களில் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன், முத்து. ஒரே சீரான மெல்லிய தாளத்தின் மேல் லதா மங்கேஷ்கரின் குரல் மிதந்து வந்தது. 1983இல் வெளியான ‘சௌதன்’ என்ற இந்திப் படத்துக்காக உஷா கன்னா இசையமைத்த பாட்டு அது. ஹெப்டனின் தாய்வழித் தாத்தா மறைந்தபோது விட்டுச்சென்ற பக்தி இசைத் தொகுப்பைக் கேட்டதிலிருந்து பிறந்தது இந்த இசை. பாட்டை முழுவதுமாகத் தராமல், குரலை வெட்டி, நீட்டி, சின்தசைசரின் அலைகளுக்குள் கரையவிட்டு, மீண்டும் மேலே கொண்டுவருகிறார். பக்கத்து வீட்டு வானொலியில் பாட்டு ஓடும்போது காற்று திசை மாறினால் எப்படிக் கேட்குமோ, அப்படி. ‘வளையோசை’யில் பாலசுப்பிரமணியத்தோடு கேட்டு நாம் கொண்டாடிய அதே குரல், வேல்ஸில் தொடங்கி ஆஸ்லோ, லண்டன் என்று சுற்றி என் காதுக்குத் திரும்பி வந்திருக்கிறது. எந்தச் செயலியும் எனக்கு இப்படி ஒரு வழியைக் காட்டியதில்லை.

நான் இவற்றை வாங்கும் இணையதளத்தின் பெயர் பேண்ட்கேம்ப். 2008இல் தொடங்கப்பட்டது. கலைஞரோ வெளியீட்டகமோ குறைந்தபட்ச விலையை வைக்கிறார்கள். விரும்பினால் நாம் கூடுதலாகக் கொடுக்கலாம். கோப்பாக விற்கும் இசைக்குத் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. விற்பனை ஓர் அளவைக் கடந்துவிட்டால் அது 10 ஆகக் குறைகிறது. நோய்த்தொற்றால் கச்சேரிகள் நின்றுபோனபோது, 2020 மார்ச் 20 வெள்ளிக்கிழமை அன்று தன் பங்கை முழுவதும் விட்டுக்கொடுத்தது. பிறகும் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அவ்வாறே செய்து வருகிறது. ஒவ்வொரு தொகுப்பின் அருகிலும் அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் அந்த மனிதரின் இசை அலமாரி முழுவதையும் பார்க்கலாம். முகம் தெரியாத யாரோ ஒருவர் என்னைப்போலவே லிண்ட்ஸ்ட்ரோமையும் நெனே செரியையும் வாங்கியிருந்தால், அவர் அலமாரியில் அடுத்து இருப்பதை நான் தயங்காமல் கேட்டுப் பார்க்கிறேன். அண்ணனின் கடை இப்படித்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆயினும் அந்தத் தளம் 2022இல் ஒரு விளையாட்டு மென்பொருள் நிறுவனத்திடமும் மறு ஆண்டே வேறொரு நிறுவனத்திடமும் கைமாறி, பணியாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலை இழந்தார்கள். ஆகவே வாங்கிய கோப்புகளை என் கணினியில் தனியாகச் சேமித்து வைக்கிறேன்.

பெரிய நிறுவனங்களைச் சாராத ‘சுயாதீன இசை’ என்ற பெயர் ஒட்டியிருப்பதாலேயே எல்லாம் நியாயமாக நடக்கும் என்று நம்பும் வயதை நாம் கடந்துவிட்டோம். ஹெப்டன் 2001இல் டோமினோ என்ற சுயாதீன வெளியீட்டகத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தார். இணையவழி வருவாயில் அவருக்கு 18 சதவீதம் தரப்பட்டது. 50 சதவீதம் வேண்டும் என்று அவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அவருடைய மூன்று தொகுப்புகளை அந்நிறுவனம் இணையத்திலிருந்து அகற்றியது. 2022இல் 50 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. பெயர் பெற்ற கலைஞர் என்பதால் அவரால் போராட முடிந்தது. ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் 2024 முதல், 12 மாதங்களில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு உரிமத்தொகையே கிடையாது. நான் தேடிப் போய்க் கேட்கும் எத்தனையோ பாட்டுகள் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பவை. அவற்றை விலை கொடுத்து வாங்குவதை நான் செலவாகவே நினைக்கவில்லை.

நீ நடக்கும்போது முதலில் ‘மார்னிங்/ஈவ்னிங்’ கேள். காலைப் பக்கத்தை வெயில் ஏறுவதற்குள் கேட்டுவிடு. தாமிரபரணிக் கரை அதற்குப் பொருத்தமான இடம். மாலைப் பக்கத்தை நடக்கும்போது கேட்காதே. அதன் பிற்பகுதியில் தாளம் இறுகுகிறது. கால் தானாக வேகம் எடுக்கும். உன் மருத்துவர் அதற்கு இன்னும் அனுமதி தரவில்லை. அதை வீட்டில் விளக்கேற்றிய பிறகு உட்கார்ந்து கேள். ‘இன்னர் சாங்’கை மழை வரும் நாளுக்கு வைத்துக்கொள்.

பேண்ட்கேம்பில் ஒன்றை வாங்கி மற்றவருக்குப் பரிசாக அனுப்பும் வசதி இருக்கிறது. இக்கடிதம் உன் கைக்கு வந்து சேரும்போது உன் மின்னஞ்சலுக்கு மூன்று தொகுப்புகள் வந்திருக்கும். இரண்டைப் பற்றி மேலே எழுதிவிட்டேன். மூன்றாவதைப் பற்றி இக்கடிதத்தில் ஒரு சொல்லும் எழுதவில்லை. கேட்டுவிட்டு, அதற்கு நீ என்ன பெயர் வைத்தாய் என்று எழுது.

அன்புடன்,
ராஜாராமன்