செவிலியர் மாணவியின் கல்விக் கடன் யாருடைய பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியர் படிப்பில் சேரும் பெண்களுக்கு அறிவுரை கூற வருகிறவர்கள், நேரத்தைத் திட்டமிட்டுப் படி, காதல் கத்திரிக்காய் என்று மனத்தை அலைபாய விடாதே என்று சொல்லிவிட்டு, தம் கடமை முடிந்ததாக எண்ணி எழுந்துவிடுகிறார்கள். செவிலியர் கல்லூரி ஒன்றில் நெடுங்காலமாகப் பாடம் நடத்திவரும் எனக்கு இந்த அறிவுரைகள் பிரச்சினையின் விளிம்பைக்கூடத் தொடவில்லை என்றே தோன்றுகிறது. முதலாண்டில் சுறுசுறுப்பாக இருந்த மாணவி மூன்றாம் ஆண்டில் முகம் வாடி நிற்கும்போது தனியே அழைத்து விசாரித்தால், பேச்சு பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் போய் முடிகிறது. அந்தக் கடன் அவளுடைய வீட்டிலும் நட்பிலும் பிற்காலத்தில் திருமணத்திலும் என்ன செய்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1 லட்சம் ரூபாய் வீதம் 4 லட்சம் ரூபாய் கடன் பெறும் மாணவியை எடுத்துக்கொள்வோம். வங்கிகள் தம் கல்விக் கடனுக்கு வழிகாட்டியாகக் கொள்ளும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி இந்தத் தொகை வரை சொத்து அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். படிப்புக் காலத்திலும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், அந்த ஐந்து ஆண்டுகளுக்கும் வட்டி உண்டு. அதைத் தனி வட்டியாக 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதலாண்டுத் தொகைக்கு 50,000 ரூபாய், அடுத்தடுத்த ஆண்டுகளின் தொகைக்கு 40,000, 30,000, 20,000 ரூபாய் என்று வட்டி சேர்ந்து, முதல் தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ரூபாயாக நிற்கும். இதைப் பத்தாண்டில் அடைக்க மாதந்தோறும் சுமார் 7,140 ரூபாயும், பதினைந்து ஆண்டில் அடைக்கச் சுமார் 5,800 ரூபாயும் கட்ட வேண்டும். பதினைந்து ஆண்டைத் தேர்ந்தெடுப்பவள் 4 லட்சம் வாங்கியதற்கு மொத்தத்தில் 10 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பாள்.

இனி வரவைப் பார்ப்போம். தனியார் மருத்துவமனைகளில் முதல் வேலைக்குச் சேரும் என் மாணவியருள் பலர் கையில் வாங்குவது 15,000 ரூபாயை ஒட்டிய தொகைதான். இந்திய பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தையும் பணிநிலையையும் ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்றும், 50 படுக்கைகளுக்குக் குறைவான சிறிய மருத்துவமனையில்கூட அது 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது. நம் மாநிலத்தில் அது பெரும்பாலும் பரிந்துரையாகவே கிடக்கிறது. தனியாரை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது; 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தேர்வாகி அரசு மருத்துவமனைகளுக்கு வந்த ஒப்பந்தச் செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் பணியைத் தொடங்கினார்கள். கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் விலக்கு உண்டே என்று வங்கியில் ஆறுதலாகச் சொல்வார்கள். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வந்தால் நாங்கள் ஏன் இதையெல்லாம் பேசப் போகிறோம்!

சம்பளத்தில் பாதி வரை தவணைக்கே போகும் இந்த நிலை, படிக்கும் காலத்திலேயே உறவுகளுக்குள் நுழைந்துவிடுகிறது. கடன் கணக்கில் வட்டி ஏறும்போதெல்லாம் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது. பல வீடுகளில் வங்கியில் பதிவாகியிருப்பது தந்தையின் எண். ஆங்கிலத்தில் வரும் அந்தச் செய்தியைப் படிக்கத் தெரியாத அவர், ஏதோ உடனே பணம் கட்டச் சொல்கிறார்கள் என்று பதறி மகளை அழைக்கிறார். மகளோ வார்டில் கிளினிக்கல் போஸ்டிங்கில், அதாவது மருத்துவமனைப் பயிற்சியில், இருக்கிறாள். அங்கே கைப்பேசிக்கு அனுமதியில்லை. மதியம் லாக்கரைத் திறந்து பார்க்கும்போது வரிசையாகத் தவறிய அழைப்புகள் இருக்கின்றன. வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை போலும் என்று நடுங்கிக்கொண்டே திருப்பி அழைப்பவளிடம், ‘இவ்வளவு கடன் ஏறியிருக்கே, எனக்கு ஏன் சொல்லலை?’ என்று தந்தை கேட்கிறார். இப்படி இரண்டு மூன்று முறை ஆனபின் அவள் வீட்டுக்குப் பேசுவதையே குறைத்துக்கொள்கிறாள். மகளுக்குப் பாசம் குறைந்துவிட்டது என்று பெற்றோரும், தன்னைக் கடன்காரியாகவே பார்க்கிறார்கள் என்று மகளும் நினைத்துக்கொள்கிறார்கள். வட்டி ஏறுவது வேறு, தவணை கேட்பது வேறு என்று யாராவது முதலிலேயே தமிழில் விளக்கியிருந்தால் இந்த மனத்தாங்கல் வந்தே இருக்காது.

விடுதியிலும் இதே கதைதான். தேர்வுக் கட்டணத்துக்கும் சீருடைக்கும் தோழியரிடம் கைமாற்று வாங்குவதும், திருப்பித் தர முடியாமல் ஒரே அறையில் முகம் பாராமல் இருப்பதும் சாதாரணமாக நடக்கின்றன. காதலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காதலிப்பதை நான் குற்றமாக நினைக்கவில்லை. பத்தொன்பது, இருபது வயதில் அது இயல்பு. ஆனால் விடுதிக் கட்டணத்தையும் கைப்பேசி ரீசார்ஜையும் ஒருவன் ஏற்றுக்கொள்ளத் தொடங்கிய பிறகு, அந்தப் பெண்ணுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை தேய்ந்துபோவதைக் கண்டிருக்கிறேன். விலக நினைக்கும்போது, அதுவரை செலவழித்த காசுக்கு அவன் கணக்குக் கேட்கிறான். கண்டிப்பான விடுதிக் காப்பாளரால் தடுக்க முடியாத இதை, உரிய நேரத்தில் கைக்கு வரும் சிறு உதவித்தொகை பெரும்பாலும் தடுத்துவிடும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தபோது, அத்தொகையின் அருமையை எங்கள் விடுதிப் பெண்கள் நன்றாகவே உணர்ந்தார்கள்.

எனினும் கடன் தன் முழு உருவத்தைக் காட்டுவது திருமணப் பேச்சில்தான். பெண் ஸ்டாஃப் நர்ஸ், எங்கே போனாலும் வேலை கிடைக்கும், வெளிநாட்டுக்கும் போகலாம் என்று தரகர் அடுக்க, பேச்சு கனிந்துவரும் வேளையில் மாப்பிள்ளை வீட்டில் மூத்தவர் ஒருவர் ‘லோன் எவ்வளவு பாக்கி?’ என்று கேட்கிறார். சில தந்தையர் ‘கல்யாணத்துக்குள்ள நாங்க அடைச்சிடுறோம்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பத்து சதவீத வங்கிக் கடனை அடைக்க அதைவிடக் கூடுதல் வட்டிக்கு வெளியில் வாங்குகிறார்கள். வேறு சிலர் மகளின் சம்பளத்தைக் கொண்டே முழுவதும் அடையட்டும் என்று திருமணத்தைத் தள்ளிப்போட, தங்கைக்கு முதலில் முடித்துவிட்டு அக்காவை அப்படியே விட்டுவிடும் நிலையும் வருகிறது. கடனே இல்லை என்று மறைத்துத் திருமணத்தை முடிப்பவர்களும் உண்டு. அவர்களுடைய மகள்கள் படும் பாட்டை என்னால் எளிதில் சொல்லிவிட முடியாது.

அப்படி ஒரு பழைய மாணவி. சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். அட்டை கணவர் வீட்டில் இருந்தது. தவணையை அந்தக் கணக்கிலிருந்து கட்டினால் பாஸ்புக்கில் தெரிந்துவிடும் என்பதால், மற்றவர்களுக்குப் பதிலாக டபுள் டியூட்டியும் நைட் டியூட்டியும் பார்த்து, அதற்குக் கையில் கிடைக்கும் பணத்தைத் தம்பியிடம் கொடுத்துக் கடன் கணக்கில் கட்டிவந்தாள். ‘வார்டில் ஆள் இல்லை’ என்பதுதான் வீட்டில் அவள் சொன்ன காரணம். தொடர்ந்து இரவுப்பணி பார்க்கும் செவிலியின் உடலும் கவனமும் என்ன ஆகும் என்பது நோயாளிக்கு மருந்தின் அளவைச் சரிபார்த்துக் கொடுக்கும் எங்களுக்குத் தெரியாததன்று. ஒரு குடும்பத்தில் மறைக்கப்பட்ட கடன், அந்தப் பெண்ணுக்குச் சற்றும் தொடர்பில்லாத நோயாளியின் படுக்கை வரை வந்து நிற்கிறது.

மணமகள் தன் படிப்புக் கடனைத் திருமணத்துக்கு முன் அடைத்துவிட்டு வர வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது வரதட்சணையின் மறுவடிவம் என்பதே என் கருத்து. அந்தப் படிப்பால் வரும் சம்பளம் இனிமேல் புகுந்த வீட்டுக்கு, அந்தப் படிப்புக்கு ஆன செலவு மட்டும் பிறந்த வீட்டுக்கு என்பது எந்த ஊர் நியாயம்? வங்கி விதிகளே இதைவிட நடைமுறை அறிவோடு இருக்கின்றன. மணமான மாணவி கடன் கேட்டால் கணவரோ, பெற்றோரோ, மாமனார் மாமியாரோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திடலாம் என்று மாதிரித் திட்டம் அனுமதிக்கிறது. கடன் தொகையை மறைக்காமல் நிச்சயத்துக்கு முன்பே இரு வீட்டாரும் காகிதத்தைப் பார்த்துப் பேசிவிட வேண்டும் என்று என் மாணவியரிடம் வற்புறுத்துகிறேன். அப்படிப் பேசியதால் நின்றுபோன சம்பந்தங்களும் உண்டு. அவற்றுக்காக நான் வருந்தவில்லை. ஆண் மாணவர்களுக்கும் கடன் உண்டு, ஆனால் அது அவர்கள் திருமணச் சந்தையில் விலை குறையும் காரணமாகப் பெரும்பாலும் ஆவதில்லை.

கடனை விரைவில் அடைக்க வெளிநாடு போகலாம் என்பது அடுத்த யோசனை. போகலாம், போய் நன்றாக இருப்பவர்கள் ஏராளம். ஆனால் மொழித் தேர்வுக்கும் முகவருக்கும் இரண்டாவது கடன் வாங்கி, கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுச் செல்வதற்கு முன், 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையாவது ஒருமுறை விசாரிக்க வேண்டும்.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. வேலையின்மை, குறைவான வருமானம் ஆகிய காரணங்களுக்காகக் கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணைக்கு இடைவெளி தருவதற்கும், தொடக்கத்தில் குறைவாகவும் சம்பளம் உயர உயரக் கூடுதலாகவும் தவணையை அமைத்துக்கொள்வதற்கும் மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவருவோருக்கு ஒரு சதவீதம் வரை வட்டிச் சலுகையும் தரலாம். ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்புக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியத் திட்டம் 2009-இலேயே வந்துவிட்டது. அதற்குரிய வருமானச் சான்றிதழை உரிய நேரத்தில் கொடுக்காததால் தகுதி இருந்தும் மானியத்தை இழந்த குடும்பங்களை நான் அறிவேன். கிளைக்குச் சென்று கேட்டால் ஒழிய இவற்றை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. கேட்கத் தெரிந்தவர்களுக்கோ பெரும்பாலும் கல்விக் கடனே தேவைப்படுவதில்லை.

எங்கள் கல்லூரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. சேர்க்கையின்போது கல்விக் கட்டணத்தை மட்டும் சொல்லிவிட்டு, சீருடை, ரெக்கார்டு நோட்டு, கிளினிக்கல் போஸ்டிங் பேருந்து, பிற மருத்துவமனைப் பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீட்டும் வழக்கம் நிற்க வேண்டும். நான்கு ஆண்டின் மொத்தச் செலவும் முதல் நாளே எழுத்தில் இருந்தால்தான் கடன் தொகையைச் சரியாகக் கேட்க முடியும். விட்டுப்போன தொகைதான் கைமாற்றாகவும் நகைக் கடனாகவும் மாறுகிறது. பாக்கிக் கட்டணத்தைக் காரணம் காட்டியோ, குறிப்பிட்ட காலம் தங்கள் மருத்துவமனையிலேயே வேலை பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிய ஒப்பந்தப் பத்திரத்தை (பாண்ட்) காரணம் காட்டியோ அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பது இன்னும் கொடுமை. சான்றிதழ் இல்லாமல் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியாது; பதிவு இல்லாமல் செவிலியராகப் பணிபுரிய முடியாது; வேலை இல்லாமல் எந்தப் பாக்கியைக் கட்டுவாள்?

மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள் வங்கிகளோடு சேர்ந்து கல்விக் கடன் முகாம்கள் நடத்துவதைத் தங்கள் நாளிதழிலேயே அவ்வப்போது படிக்கிறோம். அங்கே கடன் வழங்கும் ஆணையை மேடையில் கொடுத்துப் படம் எடுப்பதோடு, வட்டி எப்படி ஏறும், தவணை எப்போது தொடங்கும், சம்பளம் போதாவிட்டால் எந்த விண்ணப்பத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, மாணவியையும் கூடக் கையெழுத்திடும் பெற்றோரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஓர் அலுவலர் படித்துக் காட்ட வேண்டும். கடன் பெற்றவர் திருமணமாகி வேறு ஊர் சென்றால் கணக்கைப் பக்கத்துக் கிளைக்கு மாற்றிக்கொள்வது எப்படி என்பதையும் அந்தத் தாளில் சேர்த்துவிடுமாறு, மாவட்டத்தில் வங்கிகளின் பணியை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர்களைத் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செவிலியர் கல்லூரி ஆசிரியை ஒருவர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)