விசிலா ஊசியா? பாப்பாவுக்கு அம்மா எழுதுறது

பாப்பா,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். வலிக்குக் குடுக்க ஆம்புலன்ஸ்ல வாயில வச்சு இழுக்குற பச்சை விசிலும் இருக்கு, மார்ஃபின் ஊசியும் இருக்கு, எதும்மா பெஸ்ட்டுன்னு கேட்டிருக்க. ஃபோன்ல சொன்னா பாதியிலயே சரிம்மா சரிம்மான்னு வச்சிருவ, அதான் டைப் பண்றேன். கேஷுவல்டியிலயே காலத்தை ஓட்டுனவ சொல்றேன், எது பெஸ்ட்டுன்னு பாக்காத, எந்த நேரத்துக்கு எதுன்னு பாரு.

கால் ஒடிஞ்சு ரோட்டுல கெடக்குறவனுக்கு வெயின் தேடி, மருந்து ஏத்துற வென்ஃப்ளான் குழாய் போட்டு, டேப் ஒட்டி, மருந்து லோட் பண்ணி முடிக்கிறதுக்குள்ள அவன் உயிர் போய் உயிர் வந்துரும். அதுவும் ரத்தம் போயி கை சில்லுன்னு இருந்தா வெயின் தட்டத் தட்ட உள்ள போகுமே தவிர மேல வராது. சரி போட்டாச்சுன்னே வை, மார்ஃபின் ஏத்துன உடனே வலி போயிரும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, அது முழுசா கேக்க 15, 20 நிமிஷம் ஆகும். ஃபென்டனில்னு அதே வகை ஊசி இன்னொண்ணு, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல பிடிக்கும், ஆனா அரைமணி ஒருமணி நேரத்துல விட்டுரும். உங்க விசில்ல இருக்க மெத்தாக்சிஃப்ளூரேன் மருந்து 6லேருந்து 10 இழுப்புல வேலையை ஆரம்பிச்சிரும். இத்தாலியில அடிபட்டு வந்தவங்களுக்கு இதையும் வழக்கமா வெயின்ல ஏத்துற ஐவி மருந்தையும் வச்சுப் பாத்தாங்க, விசிலுக்கு 9 நிமிஷத்துல வலி கொறைய ஆரம்பிச்சுது, ஐவிக்கு 15.

அப்ப விசில்தான ஜெயிச்சுதுன்னு கேப்ப. 3 மில்லி பாட்டில் விடாம இழுத்தா 25, 30 நிமிஷம் வரும், விட்டு விட்டு இழுத்தா இன்னும் கொஞ்ச நேரம் வரும், ஒரு நாளைக்கு 6 மில்லிக்கு மேல கூடாது. விசில் குடுத்ததும் பேஷண்ட் அமைதியாயிருவான், அவன் அமைதியானதும் கூட இருக்கவங்களும் அப்பாடான்னு கையைக் கட்டிக்கிருவாங்க, அதைத்தான் நீ செய்யக்கூடாது. அந்த பாட்டில் தீர்றதுக்குள்ள ஐவி லைன் போட்டு முடிச்சிரு. உன் ஆஸ்பத்திரி ஒருமணி நேரம் தள்ளியிருக்குன்னா ஊசிதான் துணை.

விசிலை நீ அவன் வாயில பிடிக்காத, கூட வர்ற பொண்டாட்டியையும் பிடிக்க விடாத. அவனே பிடிக்கணும். தூக்கம் சொக்குச்சுன்னா கை தானா கீழ விழுந்துரும், இழுக்குறது நின்னுரும், அதுதான் அதுல இருக்க சேஃப்டியே. வலி ஜாஸ்தியா இருந்தா விசில் மேல மாட்டியிருக்க கார்பன் டப்பாவுல இருக்க ஓட்டையை விரலால மூடி இழுக்கச் சொல்லு.

இன்னொண்ணு, கிட்னி. இந்த மருந்து 1960கள்ல முழு மயக்கத்துக்கு குடுத்த மருந்து, பெரிய டோஸ்ல மணிக்கணக்கா குடுத்ததுல கிட்னி அடிவாங்குச்சு, 2005ல அமெரிக்காவுல அனுமதியையே எடுத்துட்டாங்க. உங்க ஆஸ்திரேலியாவுல சின்ன டோஸா 1970கள்லேருந்து ஆம்புலன்ஸ்ல ஓடிட்டுதான் இருக்கு, பயப்பட வேணாம், ஆனா கிட்னி பிரச்சினை உண்டான்னு கேக்காம கையில குடுக்காத. மயக்க மருந்துல வீட்ல யாருக்காச்சும் உடம்பு தீயா கொதிச்சு சீரியஸ் ஆச்சான்னும் கேளு. பிபி விழுந்து கெடக்குறவனுக்கும், தலையில அடிபட்டு நினைவு தப்புறவனுக்கும் வேணாம்.

இங்க லேபர் வார்டுல வலிக்கு மாஸ்க்ல இழுக்குற என்டோனாக்ஸ் பாத்திருக்கேன், பாதி ஆக்சிஜன் பாதி நைட்ரஸ் ஆக்சைடு வாயு. பிரசவத்துக்கு நல்லா கேக்கும். ஆனா நம்ம பக்கம் பொங்கல் சமயம் ஜல்லிக்கட்டுல பாலமேட்டுலேருந்தும் அவனியாபுரத்துலேருந்தும் மாடு குத்தி வர்ற பசங்களுக்கு அதை நெனைச்சும் பாக்கக்கூடாது. கொம்பு நெஞ்சுல இறங்கி நுரையீரலைச் சுத்தி காத்து தேங்கியிருந்தா, நைட்ரஸ் போயி அந்தக் காத்தை இன்னும் ஊத வச்சிரும். மாடு குத்தி வந்தவன் சட்டையைக் கழட்டி நெஞ்சைப் பாக்காம மாஸ்க் குடுத்தா கதை முடிஞ்சுது.

ஊசியோட பலம் என்னன்னா அளந்து குடுக்கலாம். கொஞ்சம் போடு, நில்லு, பத்துக்கு எத்தனை வலின்னு கேளு, மூச்சை எண்ணு, அப்புறம் கொஞ்சம். வாந்தி வரும், வயசானவங்களுக்கு மூச்சு மந்தமாகும், மார்ஃபினை முறிக்கிற நலோக்சோன் கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும். நாங்கல்லாம் பெரும்பாலும் வலிக்கு வோவரானும் ட்ராமடாலும், வாந்திக்கு எமசெட்டும் வச்சே ஓட்டுனோம், மார்ஃபின் பீரோவுல பூட்டியே கெடக்கும், அந்தச் சாவிக்கு அலைஞ்ச கதையை எழுத ஆரம்பிச்சா விடிஞ்சிரும்.

ஜூன்ல நாங்க அங்க வர்றோம்ல, அப்பாவுக்கு சுகரால கிட்னி அடிவாங்கி கிரியாட்டினின் ஏறியிருக்கு. எங்கயாச்சும் வழுக்கி விழுந்தாருன்னா உன் ஃப்ரெண்ட்ஸ் யாரும் விசிலைத் தூக்கிட்டு வரக்கூடாது. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன், சேவ் பண்ணி வை, சாப்ட்டியான்னு மட்டும் பதில் போடு.

அம்மா